என் பெயரில் ஒரு கையெழுத்து

பிப்ரவரி 3

கோர்ட் அமீனா வந்தபோது நான் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். ஈரத் தலையோடு கேட்டுக்குப் போவது என் வழக்கம் இல்லை. காத்திருக்கச் சொன்னேன். அவன் காத்திருக்காமல் மணியை இன்னொரு முறை அடித்தான்.

கோர்ட் சம்மன். மும்பையில் இருக்கும் ஏதோ கம்பெனி என்மீது வழக்குப் போட்டிருக்கிறது. பெயரில் ‘அசெட்’ என்று ஒரு சொல் வருகிறது. என் கணவர் ரேமண்டும் நானும் சேர்ந்து ஒரு பேங்கில் கடன் வாங்கினோமாம். அந்தக் கடனை பேங்க் இவர்களுக்கு விற்றுவிட்டதாம். ரேமண்ட் இறந்து ஐந்து வருடம் ஆகிறது, ஆகையால் முழுத் தொகையையும் வட்டியோடு நான் கட்ட வேண்டுமாம்.

கடனை எப்படி விற்க முடியும்? அது என்ன மீனா?

“கையெழுத்துப் போடுங்க பாட்டி,” என்றான் அமீனா.

“திருமதி ஹில்டா கொரைரா,” என்றேன். சம்மனில் ‘ஹில்தா’ என்று இருந்தது. திருத்திவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை.

பிப்ரவரி 4

வழக்குப் பத்திரத்தோடு இணைத்திருக்கும் ஜெராக்ஸ் பிரதிகள் மிக மோசம். பாதி பக்கம் கறுப்பு. என் கண்ணாடியையும் மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 6

செரில் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

“மம்மி, டாடி லோன் வாங்கினாரா? உங்களுக்குத் தெரியாதா?”

“வாங்கியிருக்க மாட்டார். கொரைரா அண்ட் சன் ஏஜென்சி எழுபது வருஷம் யாருக்கும் பாக்கி வைத்ததில்லை.”

“பேப்பர்ல உங்க கையெழுத்து இருக்கா?”

“ஜெராக்ஸ் சரியில்லை.”

“மம்மி.”

“தண்ணி லாரி வந்திருக்கிறது,” என்று வைத்துவிட்டேன். லாரி வந்தது உண்மைதான். மூன்று மணி நேரம் கழித்து வந்தது.

பிப்ரவரி 10

செரில் அங்கிருந்தே விசாரித்து ஒரு வக்கீலைப் பிடித்திருக்கிறாள். சண்முகக்கனி என்ற பெண், ஐம்பது வயது இருக்கும். மேஜைமேல் கடலைமிட்டாய் பாக்கெட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கட்சிக்காரர்களோடு பேசுகிறாள். என்னை ‘ஆன்ட்டி’ என்கிறாள். மேடம் என்று கூப்பிடலாம் என்றேன்.

“சரி மேடம். இந்த வக்காலத்துல கையெழுத்துப் போடுங்க ஆன்ட்டி,” என்றாள்.

போட்டேன். அவள் அதைப் பார்த்தாள். பிறகு கடன் பத்திரத்தின் நகலைப் பார்த்தாள். மறுபடி வக்காலத்தைப் பார்த்தாள். ஒரு கடலைமிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“இந்தக் கடனப் பத்தி உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதா?”

“தெரியாது.”

“நல்லது. அப்பம் நமக்கு வேல சுலபம். எதிருரை போட முப்பது நாள் இருக்கு. வாய்தாவுக்கு நீங்க வரவேண்டாம், நான் பாத்துக்கிடுதேன்.”

அவளே பிறகு விளக்கினாள். பேங்குகள் வசூலாகாத கடன்களை ஆயிரக்கணக்கில் மொத்தமாகக் கட்டி இந்தக் கம்பெனிகளுக்கு விற்றுவிடுமாம். நூறு ரூபாய்க் கடனை நாலு ரூபாய்க்கும் ஐந்து ரூபாய்க்கும் வாங்கி, முழு நூறுக்கும் வழக்குப் போடுவார்களாம்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த நாலு ரூபாய் மனதை அறுத்தது. பழைய பேப்பர்காரன்கூட அதைவிட நல்ல விலை தருவான்.

பிப்ரவரி 13

காலையில் எழுந்ததும் சன்னல் திரைகளைக் கழற்றித் துவைத்தேன். அவை அழுக்காக இல்லை.

பிப்ரவரி 17

சண்முகக்கனி கூப்பிட்டு அனுப்பினாள். கம்பெனி இன்னும் சில காகிதங்களைத் தாக்கல் செய்திருக்கிறது. அதில் என் செக்கின் நகலும் இருந்தது. ஐயாயிரம் ரூபாய். தெளிவான ஜெராக்ஸ்.

“இது என்னது ஆன்ட்டி?”

நான் விளக்கினேன். இரண்டரை வருடத்துக்கு முன்பு, பனிமய மாதா திருவிழா அன்று. கொழும்பிலிருந்து ரேமண்டின் தங்கை குடும்பம் வந்திருந்தது. பந்தி நடந்துகொண்டிருக்கும்போது டை கட்டிய ஒருவன் கேட்டில் நின்று, “ரேமண்ட் சார் லோன் விஷயமா” என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். இப்போதைக்கு ஐயாயிரம் போதும் என்றான். ஏதோ கிரெடிட் கார்டு பாக்கி என்று நினைத்து செக் எழுதினேன். ரசீது கேட்டு வாங்கினேன். அது கடன் கட்டியது அல்ல. விருந்தாளிகள் இருக்கும்போது ஒரு மனிதனைக் கேட்டிலிருந்து அகற்றிய செலவு.

“செக்குல பின்னாடி லோன் நம்பர் எழுதியிருக்கியளே.”

“எந்தக் கணக்கில் சேர வேண்டும் என்று எழுதாமல் செக் கொடுப்பார்களா? அவன் காகிதத்தில் இருந்த நம்பரைப் பார்த்து எழுதினேன். கான்வென்டில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கினார்கள்.”

சண்முகக்கனி நெற்றியைத் தேய்த்தாள். “கடைசித் தவண கட்டி மூணு வருஷம் ஆயிட்டுன்னா அந்தக் கடனுக்குக் கேஸ் போட முடியாது. அந்த மூணு வருஷம் முடிய ரெண்டே மாசம் இருந்துச்சு. ஐயாயிரத்துக்கா ஒருத்தன் டையக் கட்டிக்கிட்டுத் திருவிழாக் கூட்டத்துல வந்து நின்னான்? நீங்க ஒரு ரூவா கொடுத்திருந்தாலும் வாங்கியிருப்பான். நீங்க கொடுத்த அன்னைல இருந்து புதுசா மூணு வருஷம் ஆரம்பிச்சிட்டு. போதாததுக்கு, ‘என் கடன் இல்ல’ன்னு சொன்னா, ‘பின்ன ஏன் கட்டுனீய’ம்பான்.”

“திருவிழா என்று அவனுக்கு எப்படித் தெரியும்?”

“ஊருக்கே கொடியேத்தி மைக் செட்டு கட்டித்தானே கொண்டாடுதீய.”



பிப்ரவரி 18

சண்முகக்கனியின் கணக்குப்படி இனி ஒரே வழிதான் இருக்கிறது. கடன் பத்திரத்தில் இருப்பது என் கையெழுத்து அல்ல என்று சொல்ல வேண்டும். வக்காலத்தில் போட்டதைப் பார்த்த அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம்.

“உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?” என்று கேட்டாள்.

“கண்ணாடி மாற்றிய பிறகு,” என்றேன்.

கண்ணாடி இன்னும் மாற்றவில்லை. வியாழக்கிழமை மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 20

கண்ணாடி மாற்றினேன். பவர் அதிகம் மாறவில்லை என்றார் டாக்டர்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பூசை முடிந்து ஜாய்ஸ் மோத்தாவோடு நடந்தேன். ரேமண்டின் கப்பல் ஏஜென்சி ஆபீஸ் அவர்களுடைய கட்டடத்தில்தான் மாடியில் இருந்தது. வாடகை ரசீதுகள் பழையவை இருந்தால் எடுத்துத் தரச் சொன்னேன். ஏஜென்சி நன்றாக நடந்தது, கடன் தேவைப்படவில்லை என்று காட்டினால் கோர்ட்டில் உதவும் என்பது என் யோசனை.

ஜாய்ஸ் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

“எந்த வருஷத்து ரசீது ஹில்டா?”

“கடைசி மூன்று வருஷத்துக்கு.”

“கடைசி மூணு வருஷம் அந்த ரூமு டியூஷன் சென்டர்லா. ரேமண்டு காலி பண்ணிட்டாரே. கன்டெய்னர் எல்லாம் பெரிய கம்பெனிக்குப் போயிட்டு, இனி நமக்கு இங்க சோலி இல்லன்னு சொல்லிட்டு, மேஜ நாற்காலியெல்லாம் பாதி வெலைக்குக் கொடுத்துட்டுப் போனாரு.”

“காலையில் ஆபீஸுக்குப் போவாரே.”

“பார்க்குல உக்காந்திருப்பாரு. பேப்பர் படிப்பாரு. மத்தியானம் ஆனா எங்க வீட்டுக்காரரு பாத்துட்டு ஒரு டீ வாங்கிக் கொடுப்பாரு. டிபன் கேரியர அங்கேயே தொறந்து சாப்பிடுவாரு.” அவள் நின்றாள். “எல்லாருக்கும் தெரியும்லா.”

“என்னிடம் யாரும் சொல்லவில்லையே.”

“உன்கிட்ட யாரு சொல்லுவா?” என்றாள் ஜாய்ஸ். கோபமாகச் சொல்லவில்லை. ‘மழை வருமா’ என்று கேட்பது போலத்தான் சொன்னாள்.

வெயில் அதிகம். ரிக்ஷா பிடித்து வந்தேன்.

பிப்ரவரி 24

ஒன்றும் எழுதுவதற்கு இல்லை.

பிப்ரவரி 26

சில விவரங்களைக் குறித்துவைக்கிறேன், வக்கீலுக்குப் பயன்படலாம் என்பதற்காக.

ரேமண்ட் ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி வீட்டுச் செலவுக்குப் பணத்தை உறையில் போட்டுத் தருவார். கடைசிவரை ஒரு மாதமும் தவறவில்லை. தொகையும் குறையவில்லை. ஒருமுறை நோட்டுகள் கசங்கியிருந்தன என்று உறையைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் புது நோட்டாகக் கொண்டுவந்தார்.

சட்டை தினமும் இஸ்திரி போட்டதுதான். ஒரு சட்டையை இரண்டாம் நாள் போட நான் விட்டதில்லை.

வீட்டின் முன்பக்க அறைகள் இரண்டையும் வாடகைக்கு விடலாமா என்று ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது கேட்டார். இது என் சீதன வீடு. என் அப்பா கட்டிக் கொடுத்தது. வாசலில் அந்நியர்கள் செருப்பைக் கழற்றிப் போடுவதற்காக அவர் கட்டவில்லை என்று சொன்னேன். ரேமண்ட் அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அன்று மீன் சொதி நன்றாக அமைந்தது, அவர்தான் அதிகம் சாப்பிடவில்லை.

கடன் பத்திரத்தில் உள்ள தேதி இந்தப் பேச்சுக்கு அடுத்த மாதம்.

இதில் வக்கீலுக்குப் பயன்படுவது எதுவும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

மார்ச் 5, விபூதிப் புதன்

காலையில் சாம்பல் பூசிக்கொண்டேன். அங்கிருந்து நேராக வக்கீல் வீடு. சண்முகக்கனி என் நெற்றியைப் பார்த்துவிட்டு, “எங்க விபூதி வெள்ள, உங்க விபூதி கறுப்பு. மத்தபடி எல்லாம் ஒண்ணுதான்,” என்றாள்.

எதிருரை தயார். தட்டச்சில் பதினோரு பிழைகள். சிவப்புப் பேனாவால் திருத்தினேன். ஏழாவது பத்தியில் இப்படி இருந்தது: ‘கடன் பத்திரத்தில் காணப்படும் கையெழுத்து இப்பிரதிவாதியுடையது அல்ல. அது இவருடைய காலஞ்சென்ற கணவர் ரேமண்ட் கொரைரா என்பவரால் இவருக்குத் தெரியாமல் பொய்யாக இடப்பட்டது.’

அதில் பிழை எதுவும் இல்லை.

“இதை ஜட்ஜ் முன்னால் வாசிப்பார்களா?”

“நீங்க கூண்டுல ஏறி வாயால சொல்லணும். அவங்க வக்கீல் குறுக்க கேப்பாரு. ‘உங்க வீட்டுக்காரரு ஃபோர்ஜரி பண்ணுவாரா’ம்பாரு. ‘ஆமா’ன்னு சொல்லணும். கையெழுத்து நிபுணர் வருவாரு. நாம ஜெயிச்சிருவோம் ஆன்ட்டி, எனக்கு அதுல சந்தேகமே இல்ல.”

“யாரெல்லாம் இருப்பார்கள்?”

“கோர்ட்டுன்னா பத்துப் பேரு இருக்கத்தான் செய்வாங்க.”

அந்தப் பத்துப் பேரில் ஒன்பது பேரை எனக்குத் தெரிந்திருக்கும். இது தூத்துக்குடி.

ஏழாவது பத்தியைக் குறுக்கே கோடு போட்டு அடித்தேன்.

சண்முகக்கனி கடலைமிட்டாய் பாக்கெட்டை மூடினாள். அவள் அதை மூடி நான் பார்த்ததில்லை. “அப்பம் வீடு போகும். கையெழுத்து உங்களுது இல்லன்னு சொல்லலன்னா, உங்களுதுதான்னு ஆயிரும். டிக்ரி வாங்கி வீட்ட ஜப்தி பண்ணுவான். செத்துப்போனவருக்கு அவமானம் கிடையாது ஆன்ட்டி. உங்களுக்கு இருக்க வீடு வேணும்.”

“யோசித்துச் சொல்கிறேன்.”

“வியாழக்கிழம தாக்கல் பண்ணணும். நாளைக்கு மறுநாள் இல்ல, நாளைக்கு.”

நாளைக்கு வியாழன் என்பது எனக்குத் தெரியும் என்று சொன்னேன்.

மார்ச் 6

ஏழாவது பத்தி இல்லாமல் தாக்கல் செய்தாயிற்று. கம்பெனி கடனை வாங்கியதற்கான பத்திரத்தைக் காட்டட்டும், வட்டிக் கணக்கைக் காட்டட்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறோம். ‘நேரம் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது’ என்கிறாள் சண்முகக்கனி.

மார்ச் 9

செரில் சத்தம் போட்டாள்.

“அவர் உங்க கையெழுத்தைத் திருடியிருக்கார் மம்மி. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கேட்டா நீங்க போட்டிருக்க மாட்டீங்களா?”

“போட்டிருப்பேன்.”

“பின்ன ஏன் கேக்கல அவர்?”

லாரி வருகிற சத்தம் கேட்கிறது என்றேன். பிறகு, மெதுவாக, “சரி மம்மி. சாப்பிட்டீங்களா?” என்றாள்.

மார்ச் 14

அலமாரிகளை எல்லாம் இடம் மாற்றினேன். பின்பு பழைய இடத்திலேயே வைத்தேன். வேலைக்கு வரும் அந்தோணியம்மாள், “என்னம்மா தேடுதீய?” என்றாள். ஒன்றும் தேடவில்லை.

கடன் பத்திரத்தின் நகலைப் புதுக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். அவர் என் பெயரை நான் எழுதுவதைவிட மெதுவாக எழுதியிருக்கிறார். நான் பேனாவை எடுக்காமல் ஒரே வீச்சில் முடிப்பேன். அவர் நடுவில் ஓரிடத்தில் நிறுத்தியிருக்கிறார், அங்கே மை தேங்கிப் புள்ளியாக இருக்கிறது. முதல் எழுத்தின் சுழிப்பை மிகவும் பெரிதாகப் போட்டிருக்கிறார். கடைசி எழுத்தின் வாலைக் கீழே இறக்காமல் மேலே தூக்கிவிட்டிருக்கிறார்.

நாற்பத்தோரு வருடம் என் கையெழுத்தைப் பார்த்தவர். இதைவிட நன்றாகப் போட்டிருக்கலாம்.

மார்ச் 18

சமரசத்துக்கு வழி உண்டா என்று சண்முகக்கனியிடம் கேட்டேன். ஏப்ரலில் மக்கள் நீதிமன்றம் நடக்கிறதாம். இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளலாம், மூன்றில் ஒரு பங்குக்குக்கூட ஒப்புக்கொள்வார்களாம், ஒரே தவணையில் கட்டினால்.

“நாலு ரூவாய்க்கு வாங்குனவனுக்கு முப்பது ரூவா கிடைக்குன்னா கசக்கவா செய்யும்? ஆனா ஜெயிக்க வேண்டிய கேஸுக்கு ஏன் ஆன்ட்டி காசு கொடுக்கீய?”

“அந்தப் பணத்தில்தான் நான் சாப்பிட்டேன்,” என்றேன்.

சொன்ன பிறகு அங்கே உட்கார முடியவில்லை. குடையை மறந்து வந்துவிட்டேன்.

மார்ச் 22

முன்பக்க அறைகளைப் பார்க்க ஒரு பல் டாக்டர் வந்தார். ஜாய்ஸ்தான் அனுப்பினாள். இளைஞர், பெயர் பிரிட்டோ. சுவரைத் தட்டிப் பார்த்தார், தண்ணீர் எப்படி வரும் என்று கேட்டார். லாரியில் வரும், வரும்போது வரும் என்றேன். சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அட்வான்ஸ் பெரிய தொகையாக வேண்டும் என்றேன். வழக்கமாக இவ்வளவு கேட்க மாட்டார்களே என்றார். நான் வழக்கமாக வாடகைக்கு விடுகிறவள் அல்ல என்றேன்.

மார்ச் 29

டாக்டர் பிரிட்டோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். வரவேற்பறை சோபாக்கள் உள்ளே போய்விட்டன, நடக்க இடம் இல்லை. முழங்காலில் இரண்டு முறை இடித்துக்கொண்டேன். பற்களின் படம் போட்ட போர்டு ஒன்று வாசலில் சாய்த்து வைத்திருக்கிறது. ‘பல்’ என்பதை எத்தனை பெரிதாக எழுத முடியுமோ அத்தனை பெரிதாக எழுதியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 2

முதல் நோயாளி. செருப்பை வாசலில் கழற்றிப் போட்டான். நீல நிறம், வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு உள்ளே போய் ஒரு பழைய கால்மிதியடியைக் கொண்டுவந்து போட்டேன், வரிசையாகவாவது விடட்டும்.

ஏப்ரல் 7

பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபம், வீண் பெருமை என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். ஃபாதர் வேறு ஏதாவது உண்டா என்றார். ஒரு பொய் உண்டு, இன்னும் சொல்லவில்லை ஃபாதர் என்று வாய் வரை வந்தது. இல்லை என்றேன்.

ஏப்ரல் 12

மக்கள் நீதிமன்றம் கோர்ட் வளாகத்தில் பந்தல் போட்டு நடந்தது. கல்யாண வீடு போலப் பிளாஸ்டிக் நாற்காலிகள். விபத்து வழக்கு, ஜீவனாம்ச வழக்கு, பேங்க் வழக்கு என்று மேஜை மேஜையாகக் கூட்டம். எங்கள் கோயிலுக்கு வரும் மேரி அற்புதம் ஒரு மேஜையில் இருந்தாள், நிலத் தகராறாம். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காதது போல இருந்துகொண்டோம்.

கம்பெனிக்காக வந்தவன் செரிலின் மகனைவிட இரண்டு மூன்று வயது பெரியவனாக இருப்பான். பேரம் பேசியது சண்முகக்கனி. “எங்க ஆன்ட்டி கேஸ நடத்துனா உங்களுக்கு நாலு பைசா தேறாது, தெரிஞ்சுக்கிடுங்க,” என்று அவள் மேஜையைத் தட்டினாள். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே முடித்துக் கொடுத்தாள். அவளுக்கு ஃபீஸோடு ஒரு பெட்டி கடலைமிட்டாய் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

சமரச மனுவில் கையெழுத்துப் போடும் நேரத்தில் கம்பெனிக்காரன் காகிதங்களைப் புரட்டினான். ஓரிடத்தில் நிறுத்தினான்.

“மேடம், வக்காலத்துல ஒரு மாதிரி இருக்கு, லோன் பேப்பர்ல ஒரு மாதிரி இருக்கு. லோன் பேப்பர்ல உள்ள மாதிரி போடுங்க. மும்பையில ஒத்துப்பார்ப்பாங்க. மாறியிருந்தா கணக்கை முடிக்க மாட்டாங்க, திருப்பி அனுப்பிடுவாங்க.”

சண்முகக்கனி என் காதருகே குனிந்தாள். “ஆன்ட்டி, அவன் வாயாலேயே சொல்லுதான் கையெழுத்து ஒத்துப்போகலன்னு. இன்னும் நேரம் இருக்கு. ஒரு வார்த்த சொல்லுங்க, இந்த மனுவக் கிழிச்சுப் போட்டுட்டு நம்ம கேஸ நடத்துவோம். அட்வான்ஸ டாக்டருக்குத் திருப்பிக் கொடுத்திரலாம்.”

மேஜைக்கு அந்தப்புறம் இருந்த நீதிபதி, “என்னம்மா, உங்க கையெழுத்துதானே?” என்றார்.

“என் கையெழுத்துதான்,” என்றேன். “அன்றைக்குக் கொஞ்சம் நிதானமாகப் போட்டேன்.”

லோன் பேப்பரை முன்னால் வைத்துக்கொள்ளவில்லை. தேவைப்படவில்லை. முதல் எழுத்தின் சுழிப்பைப் பெரிதாகப் போட்டேன். நடுவில் நிறுத்தினேன். அந்த இடத்தில் பேனாவை எவ்வளவு நேரம் வைத்திருந்தால் அவ்வளவு மை தேங்கும் என்று தெரியவில்லை, அவர் வைத்திருந்திருக்கக் கூடிய அளவுக்கு வைத்திருந்தேன். கடைசி எழுத்தின் வாலை மேலே தூக்கினேன்.

கம்பெனிக்காரன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். “கரெக்ட்,” என்றான்.

சண்முகக்கனி ஃபைலைக் கட்டினாள். வெளியே வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தபோது, “பாத்துப் போங்க மேடம்,” என்றாள்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

குருத்தோலைப் பவனியில் ஜாய்ஸ் எனக்குப் பின்னால் வந்தாள். அவளுக்கு எப்போதும் மெதுவாகப் பேச வராது.

“கேஸு என்னாச்சு ஹில்டா? ரேமண்டு வாங்குன கடன்தானா?”

முன்வரிசையில் இரண்டு மூன்று தலைகள் திரும்பின. மேரி அற்புதத்தின் தலையும் திரும்பியது.

“நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கியது,” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. “ஏஜென்சி மூடிய பிறகு வீட்டுச் செலவுக்குத் தேவைப்பட்டது. கட்டியாயிற்று.”